ஓரியூருக்கு நடந்தபோது

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் என்றால் எங்கள் பக்கத்தில் ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு நடைதான். தேவகோட்டையில் ராத்திரியே கிளம்பிவிட்டோம். தே பிரித்தோ பள்ளியைத் தாண்டும்போது ஜெபமாலை ஆரம்பமானது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பின்னால் போய், திருவாடானை ரோட்டில் வெறும் கருவேலங்காடு.

நடக்கும்போது அருளானந்தரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜான் டி பிரிட்டோ என்ற இயேசு சபைக் குரு, லிஸ்பன் அரசவையில் வளர்ந்த பிள்ளை. இங்கே காவி உடுத்தி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு ஊர் ஊராக நடந்தார். 1686-ல் மறவர் சீமையில் பிடித்து வதைத்தார்கள். அப்புறம் ஐரோப்பா போனார். போர்ச்சுக்கல் அரசர் அங்கேயே இருக்கச் சொன்னார். இருந்திருக்கலாம். ஆனாலும் 1690-ல் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். பேர் வாங்க வந்தவராக இருந்தால் ஐரோப்பாவிலேயே தங்கியிருப்பார்.

நாம் எதற்கு நடக்கிறோம்? மகனுக்கு விசா, மகளுக்கு வரன். கேட்பதில் தப்பில்லை, கேளுங்கள் என்று ஆண்டவரே சொன்னார். ஆனால் கால் கொப்பளித்ததும், கடவுளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. எனக்கும் வருகிறது.

விடியும் நேரம், டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் ஒரு அப்பத்தா. குதிகாலில் வெடிப்பு, அதில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

“என்ன நேர்ச்சை அப்பத்தா?”

“நேர்ச்சையெல்லாம் இல்லப்பா. கொழுந்தன் பொண்டாட்டிகிட்ட ரொம்ப நாளாப் பேச்சு இல்ல. போன வாரம் அவ வீட்டுக்குப் போயி பேசிட்டு வந்தேன். அதுக்கப்புறந்தான் நடக்கவே மனசு வந்துச்சு.”

“அவங்க பேசுனாங்களா?”

“மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. பரவாயில்ல, நான் போயிட்டேன்ல.”

காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு சமாதானம் ஆகச் சொன்னாரே இயேசு, அதை அப்படியே செய்திருந்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை, நான் கேட்டதால் சொன்னார்.

ஓரியூரில், புனிதரின் இரத்தத்தால் சிவந்ததாக மக்கள் நம்பும் மண்ணை எல்லோரும் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்கள். பாகப்பிரிவினைக்குப் பிறகு நான் கால் வைக்காத வீடு ஒன்று காரைக்குடியில் இருக்கிறது. ஈஸ்டருக்கு முன்னால் அந்தப் படி ஏற வேண்டும். அருளானந்தரிடம் இந்த முறை அதற்கான மனசை மட்டும்தான் கேட்டேன்.