இரவில் போட்ட மாத்திரை காலையில் என்ன செய்கிறது?

எல்லா மலமிளக்கியும் குடலைத் தள்ளுவதில்லை. சில மருந்துகள் பெருங்குடலின் தசையையே கிளப்பிவிடும். மற்றவை மலத்தில் நீரைத் தங்கவைத்து இளக்கும், தள்ளும் வேலை குடலுடையது. எதை எடுத்தோம் என்று தெரிந்தால்தான் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதும் தெரியும்.

பிசகோடில் முதல் வகை. 5 மி.கி. மாத்திரை ஒன்றோ இரண்டோ இரவில் போட்டால் 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். பெருங்குடலில் ஒரு நாளைக்குச் சில தடவை மட்டும், பெரும்பாலும் தூங்கி எழுந்ததும் சாப்பிட்ட பிறகும், பலத்த அலை ஒன்று நெடுந்தூரம் ஓடி மலத்தைக் கீழே தள்ளும். பிசகோடில் கிளப்புவது அந்த அலையைத்தான். வயிற்றைப் பிசைகிற வலியும் அதனால்தான். மாத்திரையின் மேலுறை குடலுக்குப் போய்க் கரைய வேண்டியது. பாலோடு விழுங்கினால் இரைப்பையிலேயே கரைந்து எரிச்சலும் குமட்டலும் வரும்; அமில முறிவு மருந்துக்கும் ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். கடிக்கவும் உடைக்கவும் கூடாது. நிலவாகையும் இதே வகைதான். பெருங்குடல் பாக்டீரியா அதை உடைத்த பிறகே வேலை தொடங்கும்.

தவறு நடப்பது மறுநாள். குடல் ஒரேயடியாகக் காலியாகிவிட்டதால் ஓரிரு நாள் வெளிக்கு வராமல் இருப்பது இயல்பு. அதை மறுபடியும் மலச்சிக்கல் என்று நினைத்து இன்னொரு மாத்திரை போட்டால் அந்தச் சுழல் நிற்கவே நிற்காது. தயவுசெய்து பொறுத்திருங்கள்.

நீரைத் தங்கவைக்கும் இரண்டாம் வகையில் ஒன்று பாலிஎத்திலீன் கிளைக்கால். அதன் 17 கிராம் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் முழுக்கக் கரைத்துக் குடிக்க வேண்டும். பலன் தெரிய 1 முதல் 3 நாள் ஆகும். முதல் நாளே பலனில்லை என்று நிறுத்திவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. இதே வகையான லாக்டுலோஸ் திரவம் 15 முதல் 30 மி.லி.; பாக்டீரியா அதைப் புளிக்கவைப்பதால் முதல் சில நாள் வாயுவும் உப்புசமும் இருக்கும். மெக்னீசியம் மருந்துகள் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து.

இசப்கோலைத் தண்ணீரில் போட்டுச் சில நிமிடம் பாருங்கள், கூழாக உப்பி நிற்கும். குறைவான தண்ணீரில் விழுங்கினால் அது தொண்டையிலேயே உப்பி அடைக்கலாம். ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் கட்டாயம்.

மலம் இளகியும் முக்க வேண்டியிருந்தால் சிக்கல் ஆசனவாய்த் தசை விரியாததில் இருக்கலாம். மாத்திரையைக் கூட்டுவது அதற்கு உதவாது, தசைப் பயிற்சிதான் உதவும். கடும் வயிற்று வலி, வாந்தி, காற்றும் பிரியாத நிலை என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது எந்த மலமிளக்கியும் வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.