முறுக்கிக்கொண்ட புல்லட் சேசிஸை நேராக்கியது

புல்லட் நேராக ஓடுகிறது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் கைப்பிடியின் மேல் விரல்களை வெறுமனே வைத்திருந்தாலும் இடப்பக்கம் இழுக்கவில்லை. இதற்காக ஒரு மழைக்காலம் முழுவதும் செலவாகியிருக்கிறது. அதனால் வண்டி முடிவதற்கு முன்பே, பெட்ரோல் டேங்குக்குச் சாயம்கூட அடிக்காத நிலையிலேயே, இதை எழுதிவிடுகிறேன்.

வண்டி 1971ஆம் ஆண்டின் ஜி2 என்ற பழைய என்ஃபீல்டு புல்லட் மாடல். சேசிஸும் (வண்டியைத் தாங்கும் குழாய்க்கூடு) வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட என்ஜினும் பழையவை. முன்பக்கம் மட்டும் புதியது: பிற்காலக் கிளாசிக் 350இன் போர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை), 280 மில்லிமீட்டர் டிஸ்க், 19 அங்குல ரிம். புதிய போர்க்கின் அடித்தட்டில் பழைய கோன் செட்டுக்கு (கைப்பிடி திரும்ப உதவும் கிண்ணங்கள், கோன்கள், பால்ரஸ்) ஏற்ற தண்டைக் கடைந்து அழுத்திப் பொருத்தியதெல்லாம் பலர் செய்து பார்த்த வேலைதான். அதில் சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லை.

என்ஜினையும் மாற்றிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். ஜி2 சேசிஸுக்கு என்ஜினுக்குக் கீழே குழாய் கிடையாது. முன்குழாய் இறங்கிவந்து என்ஜினைப் பிடித்துக்கொள்கிறது. அங்கிருந்து பின்பக்கம் வரை என்ஜினும் கியர்பாக்ஸும்தான் சேசிஸ். வேறு என்ஜின் வைக்க வேண்டுமென்றால் வெட்டி ஒட்ட வேண்டும். 1955இல் சென்னையில் தொடங்கி திருவொற்றியூர் ஆலையில் தழைத்த வரிசை இது. இதில் ஒரு குழாயை வெட்டவும் எனக்கு மனம் வராது. சட்டமும் அதற்கு இடம் தராது. வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைப் பற்றிச் சொன்னதையும் படித்துவிட்டுத்தான் வெல்டிங் கம்பியைக் கையில் எடுக்க வேண்டும். நான் மாட்டிய ஒவ்வொரு பாகத்தையும் போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆக்கிவிடலாம்.

இனி இழுப்பைப் பற்றி. புதிய போர்க் ஏறியதுமே வண்டி இடப்பக்கம் போகத் தொடங்கியது. டயரைச் சொன்னார்கள், மாற்றினேன். பால்ரஸைச் சொன்னார்கள், அதையும் மாற்றினேன். போர்க் குழாய்களை வி-பிளாக்கில் உருட்டிப் பார்த்தேன், கோணல் இல்லை. ஒரு பட்டறையில், "பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக் கூலியையும் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு இன்றும் அந்தக் கோபம் ஆறவில்லை. பழைய வண்டி என்றால் அப்படி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அது நேராக ஓடுவதற்காகச் செய்யப்பட்ட வண்டி.

நூல் பிடித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே தெரிந்தது. பின் டயரின் இரு பக்கமும் நூலை ஒட்டி முன்னால் இழுத்தால், முன் டயருக்கு இருபுறமும் ஒரே இடைவெளி. பெரும்பாலானோர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் தரைக்கு இணையாகப் பிடிக்கும் நூல், சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருப்பதைக் காட்டாது. அதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டுதான் வேண்டும். பின் சக்கரத்தை ரசமட்டம் வைத்துச் செங்குத்தாக நிறுத்திவிட்டு, முன் ரிம்முக்கு எதிரே குண்டைத் தொங்கவிட்டேன். ரிம்மின் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட 9 மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளி நின்றது. ஏறத்தாழ ஒரு டிகிரி.

ஒரு டிகிரி சாய்ந்தால் சக்கரத்தின் அடிப்பக்கம் வலப்பக்கம் போயிருக்க வேண்டும். அப்படியானால் நூல் எப்படிச் சரியாக இருந்தது? பின் ரிம்மை, பின் சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங் ஆர்மின் இரு கைகளிலிருந்தும் அளந்தபோது விடை கிடைத்தது. ரிம் நடுவில் இல்லை, வலப்பக்கம் தள்ளியிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒருவர் சேசிஸின் முறுக்கைத் தொடாமல், பின் சக்கரத்தின் ஸ்போக்குகளை ஒரு பக்கமாக இழுத்துக் கோட்டம் எடுத்து, நூலுக்கு மட்டும் கணக்கைச் சரிக்கட்டியிருக்கிறார். சங்கிலி இடப்பக்கம் ஓடுவதால் டயர் அதில் உரசவும் இல்லை. பழைய போர்க்கின் தேய்ந்த புஷ்களும் கிண்ணங்களில் ஆடிய பால்ரஸும் மிச்சத்தை மறைத்துவிட்டன. ஆட்டமே இல்லாத புதிய முன்பக்கம் வந்ததும் உண்மை வெளிப்பட்டது. பழைய சேசிஸில் புதிய பாகம் ஏற்ற நினைப்பவர்கள், பாகத்துக்குப் பணம் கொடுப்பதற்கு முன் சேசிஸைத் தூக்குக்குண்டுக்கு எதிரே நிறுத்துங்கள் என்று நான் இப்போது பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

முறுக்கு எப்படி வந்தது? சாயத்தைச் சுரண்டியபோது இடப்பக்கக் குழாய்களில் கிளாம்ப் கடித்த பழைய தடங்கள் தெரிந்தன. ஒரு காலத்தில் இதில் சைட்கார் பூட்டியிருந்தார்கள் என்பது என் ஊகம்.

நேராக்கும் வேலை கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் நடந்தது. ஸ்டீயரிங் தலைக்குழாய்க்குள் நுழையும்படி ஒரு மீட்டர் நீளத் தண்டு ஒன்று; ஸ்விங் ஆர்ம் ஏறி இறங்கும் அச்சான பிவட்டுக்கு இன்னொன்று. இரண்டும் ஆட்டமில்லாமல் உட்காரக் கடைந்த புஷ்கள். பிவட் தண்டை மேசையில் ரசமட்டத்துக்கு நிறுத்தி இறுக்கிய பிறகு, முன்னால் நின்று பார்த்தால் தலைத்தண்டும் தூக்குநூலும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையே 17 மில்லிமீட்டர் விலகியிருந்தது. ஒரு மீட்டருக்கு 17 என்றால் மறுபடியும் அதே ஒரு டிகிரி. இரண்டு வெவ்வேறு அளவுகள் ஒரே விடையைச் சொன்னபோது ஏற்பட்ட மகிழ்ச்சி, வண்டி முதன்முதலில் ஸ்டார்ட் ஆன நாளில்கூட இல்லை.

கேஸ் வெல்டிங் விளக்கால் சூடு காட்டி நிமிர்த்தலாமா என்று நான் கேட்டதற்குப் பட்டறை அண்ணன் உடனே தலையசைத்து மறுத்தார். "தம்பி, இந்த இணைப்புகளில் பித்தளை வார்த்திருக்கிறார்கள். குழாய் நன்றாகச் சிவந்து நிற்கும் சூட்டிலேயே பித்தளையும் இளகிவிடும். குளிர்ந்த நிலையிலேயே திருகுவோம்" என்றார். அதற்கு முன் என்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் கனமான இரும்புத் தகட்டில் ஒரு போலி என்ஜின் செய்து பூட்டினோம். அது இல்லாவிட்டால் கீழே திறந்திருக்கும் சேசிஸ் முறுக்கோடு சேர்ந்து வாயையும் பிளந்துவிடும். அசல் என்ஜினின் அலுமினிய கேஸை வைத்துத் திருகினால் அதன் போல்ட் காதுகள் உடையும்.

தலைத்தண்டின் மேல் நீண்ட பைப்பை மாட்டி, ஒருவர் மெல்ல இழுக்க, ஒருவர் அளவைப் பார்க்க வேண்டும். இழுத்ததில் பெரும்பகுதி, விட்டவுடன் திரும்பி வந்துவிடுகிறது. நேராக வரும்வரை இழுப்பது போதாது. நேரைத் தாண்டி இழுத்து, அது எவ்வளவு திரும்புகிறது என்று கற்றுக்கொள்ள வேண்டும். அண்ணனின் பொறுமை பெரியது. ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் தண்டைக் கழற்றி, புஷ்களைத் துடைத்து, மீண்டும் மாட்டி அளந்தார். கடைசியில் ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டருக்குள் வந்தது. பிறகு இணைப்புகள் அனைத்திலும் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தூவி விரிசல் பார்த்தோம். ஒன்றுகூட இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலான பித்தளை இது. அதை வார்த்தவரின் கைக்கு என் வணக்கம்.

அதற்குப் பிறகு பின் சக்கரத்தை முழுவதும் தளர்த்தி, ரிம்மை ஸ்விங் ஆர்முக்கு நடுவே கொண்டுவந்து கோட்டம் எடுத்தது சைக்கிள் கடைப் பெரியவர் ஒருவர். டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். முள் அசைந்ததே தெரியவில்லை.

பாகங்கள் பற்றிச் சிறு குறிப்பு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதியவையும் புதுப்பேட்டையில் பழையவையும் கிடைக்கின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கோன் செட் வாங்கும்போது கிண்ணத்தில் பால்ரஸ் ஓடும் பாதையில் அரத்தின் முனையை வைத்துப் பாருங்கள். அரம் பிடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு கடையில் எனக்கு விற்ற கிண்ணம் வெண்ணெய் மாதிரி சீவியது. மரைகளிலும் கவனம் வேண்டும். இந்தச் சேசிஸில் அங்குலத்துக்கு 26 மரை கொண்ட சைக்கிள் மரையும் பி.எஸ்.எஃப். என்ற பிரிட்டிஷ் நுண்மரையும் கலந்து இருக்கின்றன. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு நட்டின் மூலைகளைத் தேய்த்துவிடாதீர்கள். நல்ல 26 மரை டேப் எங்கே கண்டாலும் இரண்டாக வாங்கி வைத்துக்கொள்வது என் வழக்கம்.

டிஸ்க்கின் மாஸ்டர் சிலிண்டர் இன்னும் கைப்பிடியில் சரியாக உட்காரவில்லை. இடைவெளியை நிரப்பும் தகடு ஒன்று செய்ய வேண்டும். அதை முடிப்பதற்குள்ளாகவே மனம் மின்சாரத்துக்குத் தாவிவிட்டது. ஆறு வோல்ட்டை எடுத்துவிட்டு, பிற்கால வார்ப்பிரும்பு என்ஜினின் மின்சாரம் தரும் 12 வோல்ட் ஸ்டேட்டரும் (நிலையான சுருள்) ரோட்டரும் (சுழலும் காந்தம்) வைக்கப்போகிறேன். வாங்கியாகிவிட்டது. ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையே சுற்றிலும் 0.2 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். ஒரு பக்கம் ஃபீலர் கேஜ் நுழைய மறுக்கிறது. ஸ்டேட்டர் உட்காரும் ஸ்டட்கள்தான் வளைந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்க்கிறேன். தீப்பொறியை எழுப்பும் பாயிண்டை (தொடுமுனை) எடுத்து எலக்ட்ரானிக் இக்னிஷன் வைப்பதா என்பதை அதற்குப் பிறகுதான் முடிவு செய்வேன். இப்போதைக்கு 0.38 மில்லிமீட்டர் இடைவெளியில் பாயிண்ட் ஒரே உதையில் வண்டியை எழுப்பிவிடுகிறது.