கெட்டது எது, கெடுத்தது எது: பழைய காரோடு மூன்று வாரங்கள்

காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் ஒருமுறை முனகிவிட்டு நின்றுவிடும். பேட்டரி வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முந்தைய பேட்டரியையும் இதே காரணத்துக்காகத்தான் மாற்றியிருந்தேன். பட்டறைக்குக் கொண்டுபோனபோது பானட்டைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "டைனமோ சார்ஜ் பண்ணல தம்பி, மாத்திடலாம்" என்றார் அங்கிருந்தவர். மீட்டர் எதையும் கையில் எடுக்கவில்லை. அது எனக்கு உறுத்தியது. வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வண்டிக்கு வயது பதினைந்துக்கு மேல். நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். பேட்டரி மட்டும்தான் பிரச்சினை என்றால் பரவாயில்லை. ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும், அணைத்தால் இறங்கும். மேட்டில் என்ஜின் மிஸ் அடிக்கும், அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் திக்கும். 60-ஐத் தாண்டினால் முன்பக்கம் ஒரு இரைச்சல். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு திடீர் திடீரென்று எரியும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். எப்போது வருகிறது, சூடானபிறகா, எந்த வேகத்தில், எந்தப் பக்கம் திரும்பும்போது என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொண்டேன்.

முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி, வண்டி சும்மா நிற்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். என்னுடையது 12.1. சார்ஜர் போட்டு இரவு முழுக்க ஏற்றி, சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் விட்டுப் பார்த்தால் 12.6-ல் நின்றது. ஆக, பேட்டரி நல்ல பேட்டரிதான். என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், புளோவர் எல்லாம் போட்டுவிட்டு அளந்தேன். பேட்டரி முனைகளில் 13.5. அதே நேரத்தில் ஆல்டர்னேட்டரின் (பட்டறைக்காரர் டைனமோ என்றது இதைத்தான்) பின்னால் இருக்கும் தடித்த போல்ட்டிலும் அதன் உடம்பிலும் மீட்டர் முனைகளை வைத்தால் 14.2. டைனமோ தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. வழியில் எங்கோ 0.7 வோல்ட் தொலைகிறது.

இந்த இடத்தில் பலரும் மீட்டரை ஓம் நிலையில் வைத்து கேபிளை அளப்பார்கள். அதில் ஒன்றும் தெரியாது. நூறு இழை அறுந்து ஒரே இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் காட்டும். நிறைய கரன்ட் ஓடும்போது அளந்தால்தான் குட்டு வெளிப்படும். பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, என்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃப் மட்டும் சுற்றும்படி தம்பியைச் சாவி திருப்பச் சொன்னேன். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் முனையில், இன்னொன்று என்ஜின் பிளாக்கில். 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 2.3 காட்டியது. பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவே அளந்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பாடிக்கும் என்ஜினுக்கும் நடுவேதான் மொத்த இழப்பும்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பாடியிலிருந்து வந்து கியர் பாக்ஸில் மாட்டியிருந்த எர்த் கேபிளின் (கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) போல்ட் விரலாலேயே சுற்றியது. கழற்றினால் வளையத்துக்கு அடியில் பச்சையாகக் களிம்பு. இரண்டு வருடத்துக்கு முன்பு கிளட்ச் மாற்றியபோது அந்த போல்ட்டைக் கழற்றாமல் வேலை நடந்திருக்காது. திரும்ப மாட்டியவர் கையால் திருகியதோடு விட்டுவிட்டார். கேபிள் பாவம், அது கெடவில்லை, கெடுக்கப்பட்டது. பாடியிலும் கியர் பாக்ஸிலும் உட்காரும் இடத்தை உலோகம் பளபளக்கும் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுக் கேபிள் மாட்டினேன். இழப்பு 0.1-க்கு இறங்கியது. செல்ஃப் சுற்றும் சத்தமே மாறிவிட்டது.

டெம்பரேச்சர் முள்ளும் அதோடு சேர்ந்து அடங்கியது. இந்த வண்டியில் டேஷ்போர்டு முள்ளுக்கென்று தனியாக ஒற்றை ஒயர் சென்சார் ஒன்று இருக்கிறது. அதற்கு எர்த் என்ஜின் பிளாக் வழியாகத்தான். ஹெட்லைட் போட்டால் ஆல்டர்னேட்டர் அதிகக் கரன்ட் கொடுக்கிறது, அந்தக் கரன்ட் கெட்ட எர்த் வழியாகத் திரும்புகிறது, பிளாக்கின் வோல்ட் பாடியைவிடக் கீழே போகிறது, முள் அதைச் சூடு என்று எடுத்துக்கொள்கிறது. இதைப் புரிந்துகொண்டபோது எனக்கு ரொம்பச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் ஒரு தப்புச் செய்தேன், கொஞ்சம் பிறகு சொல்கிறேன்.

எர்த் சரியான பிறகும் இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கியது. சரி, ஏதோ ஒன்று தூங்காமல் கரன்ட் குடிக்கிறது. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் இடையில் இணைத்தேன். மீட்டர் அப்படி இருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பக் கூடாது, உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விடும். கதவைத் திறந்து வைத்துச் சோதிக்க வேண்டியிருந்ததால், கதவுப் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, மூடியதாக வண்டியை நம்ப வைத்தேன். கம்ப்யூட்டர் எல்லாம் தூங்கப் போக அரை மணி நேரம் விட்டேன். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் வந்துவிட வேண்டும். என் வண்டி 450-ல் நின்றது.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினேன். உள்விளக்கு ஃபியூஸை உருவியதும் 450 என்பது 30 ஆனது. காணாமல் போன 420 மில்லி ஆம்பியரை 12 வோல்ட்டால் பெருக்கினால் 5 வாட். ஒரு சின்ன பல்பின் கணக்கு அப்படியே வருகிறது. கதவு விளக்குகள் அணைந்துதான் இருந்தன. மிச்சம் டிக்கி விளக்கு. போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து டிக்கியை மூடினேன். எடுத்துப் பார்த்தால் மூடிய டிக்கிக்குள் ஸ்டெப்னியும் ஜாக்கியும் பகல்போலத் தெரிந்தன! ஸ்விட்ச் நல்லதுதான். அதை அழுத்த வேண்டிய ரப்பர் கட்டை தேய்ந்து, மூடி ஸ்விட்சைத் தொடாமலே நின்றிருக்கிறது. இரண்டு நாளில் 20 ஆம்பியர் மணி, அதாவது 45 ஆம்பியர் மணி பேட்டரியில் கிட்டத்தட்டப் பாதியை அந்த ரப்பர் கட்டைதான் காலி செய்தது. மாற்றப் பத்து நிமிடம்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். ஒருநாள் நெரிசலில் முள் மெல்ல ஏறியது. பழைய எர்த் விவகாரம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருந்தேன். நல்லவேளை, என்ஜின் கம்ப்யூட்டரில் இருப்பதைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் மாட்டியிருந்தது. என்ஜின் கம்ப்யூட்டர் படிக்கும் சென்சார் வேறு, அதற்கு எர்த் வேறு வழி. அது 106 டிகிரி காட்டியது. பொய் சொன்ன முள் இந்த முறை உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. ஓரங்கட்டி என்ஜினை நிறுத்தினேன். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. சூட்டில் திறந்தால் கூலன்ட் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை. ஆறிய பிறகு ஏசியைப் போட்டால் ரிலே (ஃபேனுக்குக் கரன்ட் விடும் மின் ஸ்விட்ச்) "டிக்" என்கிறது, ஆனால் ஃபேன் அசையவில்லை. ரிலேயை உருவினேன். ஒரு கால் பழுப்பேறி, அது செருகியிருந்த சாக்கெட் உருகியிருந்தது. 30-ம் 87-ம் என்று எண் போட்ட கால்களின் இடத்தில் ஃபியூஸ் வைத்த ஒயரால் நேரடியாக இணைத்தேன். ஃபேன் ஓடியது. ரிலேயும் சாக்கெட்டும் மாற்றினால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் சாக்கெட் ஏன் உருகியது? கிளாம்ப் மீட்டரை ஒயரைச் சுற்றிப் போட்டுப் பார்த்தேன், 19 ஆம்பியர். மோட்டாரைக் கையால் சுற்றினால் கரகரவென்று இறுகிச் சுற்றியது. உள்ளே புஷ் தேய்ந்து தண்டு உராய்கிறது. சுற்ற முடியாத மோட்டார் கரன்ட்டை அதிகமாக இழுக்கிறது, அந்தக் கரன்ட் ஃபியூஸ் போகிற அளவுக்கு இல்லை, ஆனால் ரிலேயின் காலை நாள் முழுக்கச் சுடவைக்கப் போதும். புது மோட்டார் 10 ஆம்பியர்தான் எடுத்தது. ரிலேயை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதத்தில் அதையும் எரித்திருப்பேன்.

மிஸ் அடிப்பதிலும் இதே கதைதான். ஸ்கேனர் பி0303 என்றது, மூன்றாவது சிலிண்டர். மூன்றாவதின் இக்னிஷன் காயிலை (பிளக்குக்குப் பொறி தருவது) முதலாவதில் மாட்டி, ஸ்கேனரில் இருந்த கோளாறு எண்ணை அழித்துவிட்டு மேடு ஏறினேன். இப்போது பி0301. காயில் போகிற இடமெல்லாம் கோளாறும் கூடவே போகிறது, எனவே காயில்தான். கையில் அதைப் புரட்டிப் பார்த்தபோதுதான் அதன் ரப்பர் உறை ஊறி உப்பியிருப்பது தெரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் பிளக் குழிக்குள் இரண்டு விரல் உயரத்துக்கு என்ஜின் ஆயில். வால்வு கவரில் பிளக் குழியைச் சுற்றி இருக்கும் சீல் கல்லாக இறுகி, ஆயில் உள்ளே இறங்கியிருக்கிறது. ஆயிலில் ஊறி ரப்பர் கெட்டு, பொறி பிளக்குக்குப் போகாமல் பக்கவாட்டில் பாய்ந்திருக்கிறது.

பிளக்கைக் கழற்றும் முன் குழியில் இருக்கிற ஆயிலைத் துணி சுற்றிய குச்சியால் ஒற்றி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் போகும். கேஸ்கெட், சீல், பிளக் நான்கு, காயில் ஒன்று. வால்வு கவர் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கினேன். என் கையேட்டில் அது 10 நியூட்டன் மீட்டர். கைக்கு "இது போதாதே" என்றுதான் படும். அதற்கு மேல் முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும்.

கடைசியாக ஏபிஎஸ் விளக்கு. அதைப் படிக்கும் ஸ்கேனரை இரவல் வாங்கிப் பார்த்தேன். இடது முன் சக்கர சென்சார் என்றது. சென்சார் வாங்கக் கிளம்பியவன், என் தாளைப் பார்த்து நின்றேன். இரைச்சல், "வலது பக்கம் திரும்பும்போது அதிகம்" என்று எழுதியிருந்தேன். வலது பக்கம் திரும்பினால் பாரம் இடது சக்கரத்தில் விழும். அதே இடது. ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, ஒரு கையைச் சஸ்பென்ஷன் சுருளில் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றினேன். சுருளில் வைத்த கைக்கு மணல் அரைபடுவது போன்ற அதிர்வு. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லேசாக ஆட்டம். வீல் பேரிங் தேய்ந்து, சென்சாருக்கும் பல் வளையத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடிக் குறைந்திருக்கிறது. சென்சாரை அளந்தேன், 1.1 கிலோ ஓம், வலது பக்கமும் அதேதான்.

பேரிங்கை அழுத்தி ஏற்ற பிரஸ் என்னிடம் இல்லை, அதை மட்டும் வெளியில் கொடுத்துச் செய்தேன். ஆக்சில் நட் புதிதாகப் போடச் சொன்னேன். பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். விரலில் மாட்டிச் சுற்றினால் இன்னும் அந்த அரைப்பு தெரிகிறது.

சனிக்கிழமை நிறுத்திய வண்டியைத் திங்கள் காலையில் அளந்தேன், 12.5. அரைச் சுற்றிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணைந்தது. நின்ற இடத்திலேயே ஓடவிட்டு ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 96 டிகிரியில் ஃபேன் கிளம்பியது, 91-ல் நின்றது, மறுபடி 96-ல் கிளம்பியது.