தேரிக்காட்டைப் பார்க்க மேல்காற்றுக் காலத்தில் போங்கள்

தேரிக்காடு என்பது திருச்செந்தூர் பக்கத்துச் செம்மணல் மேடுகள். திருச்செந்தூரில் "தேரிக்காடு" என்று சொன்னதுமே ஆட்டோ வாடகை எகிறிவிடுகிறது. "பாலைவனம் சார், தமிழ்நாட்டுலயே இங்க மட்டுந்தான்" என்று கதை வேறு. அது பாலைவனமும் இல்லை, கேட்கிற வாடகை நியாயமும் இல்லை. தேரியை ஒட்டிய காயாமொழி 10 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது, பஸ்ஸும் உண்டு. ஆட்டோவேதான் வேண்டுமென்றால் போக, வர, காத்திருக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை பேசிவிட்டு ஏறுங்கள். காத்திருப்புக் காசைத் திரும்பும்போது கேட்பதில்தான் வம்பே வரும்.

ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழை பெய்யும் ஊரைப் பாலைவனம் என்று எப்படிச் சொல்வது? இந்தச் செம்மணல் பரப்பான குதிரைமொழித் தேரி ஏறத்தாழ 12,000 ஏக்கர். காற்று கொண்டுவந்து கொட்டிய மணலுக்கு மழைதான் சிவப்பு நிறம் ஏற்றியிருக்கிறது.

மேல்காற்று என்பது தென்மேற்குப் பருவக்காற்று. அது மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாக வறண்டு இறங்கும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இதே காற்றுதான். வழியில் செம்மண் காடுகளையும் வற்றிய ஆற்றுப் படுகைகளையும் அரித்துக்கொண்டு கிழக்கே வந்து, கடலோரத்தில் வேகம் குறையும் இடத்தில் மணலைப் போட்டுவிடும். பனியூழியில் கடல் மட்டம் 100 மீட்டருக்கு மேல் இறங்கியபோது வெளியே தெரிந்த கடல் தரை மணலுக்கும் இதில் பங்குண்டு.

நிறம் பிறகு வந்தது. மணலில் இல்மனைட், கார்னெட், மேக்னடைட் போன்ற இரும்புள்ள கனிமங்கள் கலந்திருக்கின்றன. மழையில் இவை மெல்லச் சிதைய, வெளிவரும் இரும்பு வெயிலில் காய்ந்து ஹேமடைட் என்ற சிவப்பு இரும்பு ஆக்சைடாகி ஒவ்வொரு மணல்மணியிலும் பூச்சாகப் படிகிறது. ஒரு பிடி மணலை ஈரக் கையில் வைத்து நன்றாகத் தேயுங்கள். உள்ளங்கை சிவக்கும், உள்ளே வெளிறிய குவார்ட்ஸ் தெரியும். ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணலில் இழுத்தால் கறுப்புத் துகள் ஒட்டி வரும். காகிதம் சுற்ற மறந்தால் காந்தத்தைச் சுத்தம் செய்யவே முடியாது.

மணல் நகர்வதைப் பார்க்க ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் காலம். தரையோடு தரையாக மணல் துள்ளித் துள்ளி ஓடும். மணலில் வரிகள் காற்றுக்குக் குறுக்கே விழும், பெரிய மணல்மணிகள் வரியின் முகட்டில் நிற்கும். மேட்டின் காற்று முகம் சாய்வாக ஏறும்; மறுபக்கம் 32 முதல் 34 டிகிரியைத் தாண்டினால் தானே சரியும். கண்ணாடி, துண்டு கட்டாயம். அங்கே நின்று கேமரா லென்ஸை மாற்றினால் சர்வீஸ் செலவு பயணச் செலவைத் தாண்டிவிடும்.

மழைநீர் அறுத்த ஓடைப் பள்ளங்களைப் பார்க்க வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரி நல்லது. பழைய தேரி மணலில் களிமண் இறங்கியிருப்பதால் காய்ந்தபோது சுவர் மாதிரிச் செங்குத்தாக நிற்கும். அதை நம்பி விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். ஈரம் ஏறினால் அடிப்பாகம் கரைந்து மேலே இருப்பது மொத்தமாக இடிந்து விழும். பள்ளத்தின் ஓரத்தில் பனையின் வேர்கள் அந்தரத்தில் தொங்குவதைக் கவனியுங்கள்: தரை எவ்வளவு கீழே போயிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையையும் விடாதீர்கள். மணல் உறிஞ்சிய மழைநீர் அடியில் இறுகிய அடுக்கில் தடுக்கப்பட்டுத் தாழ்ந்த இடத்தில் ஊறி வருகிறது. பங்குனி உத்திரத்தன்று கூட்டம் தாங்காது, வேறு நாளில் போங்கள்.

பைக்கில் போனால் ஸ்டாண்டுக்கு அடியில் தட்டைக் கல் வையுங்கள், இல்லையென்றால் வண்டி சாயும். காரைத் தார்ச்சாலையை விட்டு இறக்கவே வேண்டாம், இழுக்க வரும் டிராக்டருக்குக் கேட்ட காசைக் கொடுக்க வேண்டியிருக்கும். மணல் அள்ளிவராதீர்கள், காப்புக்காடு.

கோடையில் போனால் பனையோலைப் பட்டையில் நுங்கு போட்ட பதநீர்! அதுக்காகவே தனியாக ஒரு முறை வரலாம். காலையில் இறக்கியதை மட்டும் குடியுங்கள், வெயில் ஏற ஏறப் புளித்துவிடும்.

மிச்ச நேரத்தில் உடன்குடி வழியாக மணப்பாடு போய்விடுங்கள். அங்கேயும் மணல் மேடுதான், ஆனால் வெளிறிய நிறம். கடற்கரையிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த மணல், இரும்புப் பூச்சு ஏற இன்னும் காலம் ஆகவில்லை.