விஸ்காமில் யாரும் கேட்டு வாங்காத கருவி

பிளஸ் டூ முடித்துவிட்டு விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் என்கிற காட்சி ஊடகப் படிப்பில் சேரலாமா என்று கேட்கிற தம்பி தங்கைகள் அடுத்து கேட்பது எந்த கேமரா வாங்கணும் என்பதைத்தான். மைக் பற்றி என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. வேலூரில் இந்தப் படிப்பைப் படித்து முடித்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: முதலில் காதைப் பழக்குங்கள், அப்புறம் எழுத்து, கேமரா அதற்கும் பிறகுதான்.

எங்கள் வகுப்பில் கேமராவுக்கு எப்போதும் போட்டி இருக்கும், ஆனால் கையடக்க ரெக்கார்டர் அலமாரியில் சும்மா கிடக்கும், நோட்டில் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அப்படித்தான் எனக்கு ஒலி மேல் பிடிப்பு வந்தது. படம் லேசாக ஆடினாலும் வெளிச்சம் குறைந்தாலும் பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேசுவது கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். மாணவர்கள் எடுக்கும் குறும்படங்களில் நான் அதிகம் பார்த்த குறை நடிப்பும் இல்லை, ஒளிப்பதிவும் இல்லை. வசனத்துக்குப் பின்னால் ஓடுகிற ஃபேன் சத்தம்தான்.

வேலூரில் இது பெரிய சிக்கல். கத்திரி வெயிலில் ஒரு பெரியவரை உட்காரவைத்துவிட்டு ஃபேனை நிறுத்தச் சொல்வது எவ்வளவு சங்கடம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் பேட்டியை விடியற்காலையில் வைத்துக்கொள்வோம். கேள்வியையெல்லாம் ஃபேன் ஓடும்போதே பேசி முடித்துவிட்டு, அவர் பதில் சொல்லும்போது மட்டும் நிறுத்துவோம். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுபோய்விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, ஏனென்றால் தூரம் இரண்டு மடங்கானால் நேராக வரும் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் குறைகிறது, அறையின் இரைச்சல் மட்டும் அப்படியே நிற்கிறது. பேட்டி முடிந்ததும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு 30 விநாடி அந்த அறையின் அமைதியையும் பதிவு செய்வோம். "எதுக்குப்பா சும்மா உக்காந்திருக்கோம்?" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். எடிட்டிங்கில் ஒரு சொல்லை வெட்டி எடுத்த இடத்தில் வெறும் சூனியம் விழுந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும், அந்த இடத்தை நிரப்பத்தான் அந்த 30 விநாடி.

ஒலியால் கதையே சொல்லலாம் என்று எனக்குப் புரியவைத்த ஊர் குடியாத்தம். லுங்கி நெய்கிற தெருவில் நடந்தால் தறி கண்ணில் படுவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும், மிதியின் ஓசை, நாடா போய்வரும் ஓசை, அச்சு வந்து அடிக்கும் ஓசை, மூன்றும் ஒரு தாளத்தில். அங்கே நாங்கள் எடுத்த ஆவணப்படத்தில் தெருவைக் காட்டும் ஷாட்டிலேயே அந்தச் சத்தத்தை உள்ளே விட்டு, தறியை அதற்குப் பிறகு காட்டினோம். இதற்கு ஜே-கட் என்று பெயர். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் முடிகிற விஷயம், ஆனால் அந்தத் தெருவில் நடக்கிற அனுபவம் அப்படியே திரைக்கு வந்துவிட்டது.

எழுத்துக்கும் காதுதான் அடிப்படை என்பேன். தியரி பேப்பருக்காக தொடர்பியல் பற்றி 1948ல் அமெரிக்க அறிஞர் லாஸ்வெல் சொன்னதை எல்லாரும் மனப்பாடம் செய்வோம்: யார், என்ன, எந்த வழியாக, யாரிடம், என்ன விளைவோடு. அதில் 'எந்த வழியாக' என்பதன் முழு அர்த்தம், ஒரே செய்தியைப் பேப்பருக்கும் ரேடியோவுக்கும் எழுதிப் பார்க்கும்போதுதான் பிடிபடும். தமிழில் வாக்கியம் முழுதும் ஓடி முடிந்த பிறகு கடைசியில்தான் "என்று கலெக்டர் தெரிவித்தார்" என்று வரும். படிப்பவர் கண்ணைத் திருப்பி மேலே பார்த்துக்கொள்வார், கேட்பவரால் அது முடியாது. அதனால் ரேடியோவுக்கு எழுதும்போது சொன்னவரை முதலில் வைக்கிறோம், நீள வாக்கியத்தை இரண்டாக உடைக்கிறோம், எழுதியதை வாய்விட்டுப் படித்து மூச்சு வாங்குகிற இடத்தில் முற்றுப்புள்ளி வைக்கிறோம். இந்தப் பயிற்சியை மட்டும் யாரும் தவறவிடக் கூடாது.

சென்னைக்குப் போய்ப் படித்தால்தான் மீடியாவில் மதிப்பு என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிஎம்சி மருத்துவமனை இருக்கிற ஐடா ஸ்கடர் ரோட்டில் ரெக்கார்டரோடு நடந்து பாருங்கள், வங்காளமும் இந்தியும் தெலுங்கும் தமிழும் ஒரே டீக்கடையில் கேட்கும், வேறு மாநிலங்களிலிருந்து வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் நாள்கணக்கில் தங்கியிருக்கும் குடும்பங்கள் அவை. ஆனால் நோயாளிகளிடம் அனுமதி கேட்காமல் மைக்கை நீட்டவே கூடாது. வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடணும், இதை முதல் வருடத்திலேயே கண்டிப்பாகச் சொல்லித்தர வேண்டும். வேலூர் கோட்டைக்குள் கோயில், மசூதி, சர்ச் மூன்றும் இருக்கின்றன, அங்கே முக்காலி வைத்துப் படம் எடுக்க தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்கணும் என்பதால் முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

எல்லாவற்றையும்விட என் மனசுக்கு நெருக்கமானது தெருக்கூத்துதான். 1989ல் வட ஆற்காடு பிரிந்த பிறகு செய்யாறு, ஆரணிப் பக்கமெல்லாம் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போய்விட்டன, ஆனால் பழைய வட ஆற்காட்டின் குரல் அங்கேதான் விடிய விடிய ஒலிக்கிறது. பெரிய கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் ஊரான புரிசையும் அந்தப் பக்கம்தான். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்தால் மதியம் பிரசங்கம், இரவு கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். உங்கள் ஊரில் இந்த வருடம் நடந்தால் போய்ப் பதிவு செய்யுங்கள். கூத்தை நடத்தும் வாத்தியாரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னால் மட்டும் நிற்காதீர்கள், எல்லாம் உடைந்துதான் பதிவாகும். மேளக்காரர்கள் உட்காருகிற பக்கமாகப் போய், முகவீணை என்கிற சின்ன ஊதுகருவிக்கும் மிருதங்கத்துக்கும் ஆர்மோனியத்துக்கும் சமமான தூரத்தில் ஓர் இடம் பிடித்து, ரெக்கார்டரின் பதிவு லெவலைக் குறைவாக வைத்துவிடுங்கள், ஏனென்றால் கதையை அறிவித்து நடுநடுவே சிரிக்கவும் வைக்கிற கட்டியங்காரன் எப்போது குரலை உயர்த்துவார் என்று யாருக்கும் தெரியாது. மறுநாளே அந்த ஃபைலில் ஊர், தேதி, எந்த நாள் கூத்து, யார் எந்த வேஷம் என்று எழுதிவையுங்கள். ஒரு பிரதியைக் கூத்துக்காரர்களுக்கும் கொடுங்கள், அது அவர்களுடைய குரல்.