கூந்தன்குளம் கரையில் கேமராக்களை மாற்றி மாற்றிப் பார்த்தது

பறவைப் படத்துக்கு எந்த கேமரா பாடி (லென்ஸ் நீங்கலான பகுதி) வாங்கலாம் என்று கேட்டால் பேச்சு பெரும்பாலும் மெகாபிக்சலில்தான் ஆரம்பிக்கிறது. நான் கொஞ்ச காலமாக வேறு விதமாகப் பார்த்து வருகிறேன். திருநெல்வேலிப் பக்கம் வழக்கமாகப் போகிற இடங்களுக்கு நண்பர்களின் பாடிகளையும் லென்ஸ்களையும் கொண்டுபோய், ஒரே பறவையை ஒரே வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று எடுத்துப் பார்ப்பது. வேறு ஊரின் குளிர்ந்த காற்றில் எடுத்த ஒப்பீட்டைப் படித்துவிட்டு இங்கே வாங்கினால் பாதிதான் பொருந்தும். இங்கத்து வெயில், காற்று, தூசி மூன்றையும் சேர்த்துப் பார்த்ததில் இதுவரை தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

என்னிடம் இருந்தது நிக்கான் டி7500. 2017இல் வந்த டிஎஸ்எல்ஆர், உள்ளே கண்ணாடி வைத்த வகை. அதோடு 200-500 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ் (எஃப் எண் குறைந்தால் உள்ளே வரும் வெளிச்சம் கூடும்). பாளையங்கோட்டை நண்பர் கேனான் ஆர்7 வைத்திருக்கிறார், ஆர்எஃப் 100-400 லென்ஸோடு. வள்ளியூர் அண்ணாச்சி ஒருவரிடம் சோனி ஏ6700, 200-600. கல்லூரியில் பாடம் எடுக்கும் அக்கா ஒருவரிடம் ஃபுஜிஃபிலிம் எக்ஸ்-டி5. கடைசியாகச் சேர்ந்தது 2024இல் வந்த நிக்கான் இசட்50 டூ. டி7500 தவிர மற்றவை மிரர்லெஸ், கண்ணாடி இல்லாத வகை. இவை எல்லாமே கிராப் சென்சார், அதாவது ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார். ஃபுல் ஃப்ரேம் என்ன மாற்றம் தரும் என்று பார்க்க ஒரு இசட்6 டூ-வும் வாடகைக்கு எடுத்தேன்.

சோதனையில் பெரும்பகுதி கூந்தன்குளத்தில்தான். மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனால் ஊருக்குள்ளேயே மரத்துக்கு மரம் கூடு. 1994இல் சரணாலயமாக அறிவித்த இடம், இப்போது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் அறிவிப்பு வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள்தான் இந்தப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். தீபாவளிக்குக்கூட அங்கே வெடி போடுவதில்லை. மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் ஆளைக் கண்டு பறக்காமல் தலைக்கு மேலேயே குஞ்சுக்கு இரை கொடுக்கும். அதனால் கேமராவைச் சோதிக்க இது அருமையான இடம். கிட்டத்தில் கூடு, நடுத்தூரத்தில் பறக்கிற நாரை, குளத்துக்கு அப்பால் வயலில் வரித்தலை வாத்து என மூன்று தூரமும் ஒரே கரையில் கிடைக்கும்.

முதலில் கனம். டி7500-உம் 200-500-உம் சேர்ந்தால் 3 கிலோ. ஆர்7-உம் 100-400-உம் சேர்ந்து ஒன்றேகால் கிலோதான். காகிதத்தில் பார்க்கும்போது இது சின்ன விஷயமாகத் தெரியும். கரை மேல் மறுகால் வரை நடந்துவிட்டு, தலைக்கு மேல் வட்டமிடும் நாரையைக் கையில் ஏந்தியே தொடர்ந்து எடுக்கும்போது அப்படித் தெரியாது. தோள் தளர்ந்ததும் ஷட்டர் அழுத்தும் நேரம் தவறும், ஃப்ரேமுக்குள் பறவையை வைத்திருக்க முடியாது. வள்ளியூர் அண்ணாச்சியின் 200-600 லென்ஸும் 2 கிலோவுக்கு மேல். நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “தம்பி, படம் நல்லா வந்துச்சான்னு மட்டும் எழுதாத. தூக்கிட்டு நடக்கணும்லா, அதையும் எழுது.” எழுதிவிட்டேன்.

இந்தக் கனக் குறைவுக்கு ஒரு விலை உண்டு. ஆர்எஃப் 100-400 லென்ஸ் 400இல் எஃப் 8 ஆகிவிடும். என் 200-500 எல்லா நீளத்திலும் எஃப் 5.6. ஒரு ஸ்டாப் வித்தியாசம், அதாவது வெளிச்சம் பாதி. விடிந்தும் விடியாத நேரத்தில், பறக்கிற பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடி வைத்தால், என் லென்ஸில் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 3200 போதும் என்கிற இடத்தில் அதற்கு 6400 வேண்டும். வெயில் ஏறியதும் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கும் பிரச்சினை இல்லை, ஆர்7 பாடிக்குள்ளேயே கை நடுக்கத்தைச் சமன் செய்யும் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது, லென்ஸிலும் இருக்கிறது, ஷட்டரைக் குறைத்துக்கொள்ளலாம்.

இதுவரை செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை டி7500-ஐயும் இசட்50 டூ-வையும் வைத்துச் செய்ததுதான். இரண்டும் 20.9 மெகாபிக்சல். டிஎஸ்எல்ஆர் லென்ஸை நிக்கான் மிரர்லெஸ்ஸில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரை இசட்50 டூ-வில் போட்டால் அதே 200-500 லென்ஸ் இரண்டிலும் ஆட்டோ ஃபோகஸோடு வேலை செய்யும். ஆக லென்ஸ் ஒன்று, சென்சார் அளவு ஒன்று, பிக்சல் எண்ணிக்கை ஒன்று. மாறுவது ஃபோகஸ் பிடிக்கும் முறைதான். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடிக்குக் கீழே உள்ள தனி மாட்யூல் ஃபோகஸைக் கணிக்கிறது. அதற்கும் சென்சாருக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தால் ஃபோகஸ் முன்னே பின்னே விழும், லென்ஸுக்கு லென்ஸ் ஃபைன் ட்யூன் செய்ய வேண்டும். மிரர்லெஸ்ஸில் சென்சாரே ஃபோகஸையும் பார்க்கிறது, அந்த வித்தியாசத்துக்கே இடமில்லை. 500 மி.மீ., எஃப் 5.6, 15 மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 20 செ.மீ. மஞ்சள் மூக்கு நாரையின் அலகு மட்டுமே அதற்குச் சமமாக வந்துவிடும். கண்ணில் விழ வேண்டிய ஃபோகஸ் தோளில் விழுந்தால் படம் போச்சு.

கருவேல மரக் கூட்டில் இதை நன்றாகப் பார்க்க முடிந்தது. முன்னால் முள்ளுக் கிளை, பின்னால் பறவை. டி7500-இல் ஒற்றைப் புள்ளியைக் கிளைகளின் இடைவெளியில் துல்லியமாக வைத்தால் பிடிக்கும். பறவை தலையைத் திருப்பியதும் மறுபடி புள்ளியை நகர்த்த வேண்டும். இசட்50 டூ-வில் பறவைக்கென்று தனி அடையாளம் காணும் முறை இருக்கிறது. முள்ளைத் தாண்டிப் போய்க் கண்ணில் உட்கார்ந்துகொள்கிறது. தலை திரும்பினாலும் விடுவதில்லை. ஆர்7-உம் ஏ6700-உம் இதில் அதற்குக் குறைந்தவை அல்ல. ஒரே மரத்தில் நிறைய பறவைகள் இருந்தால் மட்டும் எல்லா பாடிகளும் பக்கத்துப் பறவைக்குத் தாவும். ஃப்ரேம் முழுவதையும் தேட விடாமல், சின்ன ஏரியாவை மட்டும் கொடுத்து அதற்குள் கண்ணைத் தேடச் சொன்னால் அந்தத் தாவல் வெகுவாகக் குறைகிறது. யார் எந்த பாடி வைத்திருந்தாலும் இந்த ஒரு செட்டிங்கை முதலில் மாற்றிப் பார்க்கச் சொல்வேன்.

சீவலப்பேரிப் பக்கம், சிற்றாறு தாமிரபரணியில் சேரும் இடத்தில், கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் நின்று சிறகடித்துவிட்டுச் சட்டென்று செங்குத்தாக விழும். நம் விரல் அசைவதற்குள் அது தண்ணீருக்குள். இங்கேதான் ஷட்டரை அழுத்துவதற்கு முந்தைய நொடியையும் சேர்த்துப் பதிகிற வசதியின் அருமை தெரிந்தது. இசட்50 டூ-வில் ஒரு நொடி வரை பின்னோக்கிப் போகலாம், ஆனால் ஜேபெக் மட்டும். ஆர்7-இல் அரை நொடிதான், ஆனால் சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் தரும் ரா ஃபைலாகவே கிடைக்கும். எனக்கு அந்த அரை நொடி ரா-தான் பிடித்திருக்கிறது. வெள்ளைச் சிறகும் கறுத்த தண்ணீரும் ஒன்றாக வரும் படத்தில் பின்னால் திருத்த இடம் வேண்டும். இரண்டிலும் இது எலக்ட்ரானிக் ஷட்டரில் நடப்பது. சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கப்படுவதால், வேகமாக அடிக்கும் சிறகு வளைந்தது போல வரும். விழுகிற மீன்கொத்தி சிறகை மடக்கிக்கொள்வதால் அதற்குப் பாதிப்பு குறைவு. அந்தரத்தில் சிறகடிக்கும்போது எடுக்க மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிட வேண்டும்.

வெளிச்சம் அளக்கும் விஷயத்தில் மிரர்லெஸ் பக்கம் நான் முழுவதுமாகச் சாய்ந்துவிட்டேன். கூழைக்கடாவும் கரண்டிவாயனும் வெள்ளை, பின்னணி கரும்பச்சை. கேமராவின் லைட் மீட்டர் சொல்வதை நம்பினால் இறகு விவரம் இல்லாமல் வெளுத்துப்போகும். டிஎஸ்எல்ஆரின் ஆப்டிகல் வியூஃபைண்டரில் முக்கால் ஸ்டாப்போ ஒன்றோ குறைத்து வைத்து, எடுத்த பிறகுதான் பார்க்க முடியும். இந்த வெயிலில் பின்திரையில் எதுவும் தெரியாது என்பது இங்கே எடுக்கும் எல்லோருக்கும் தெரிந்ததே. மிரர்லெஸ்ஸின் எலக்ட்ரானிக் வியூஃபைண்டரில் எடுக்கும் முன்பே வெளுப்பு கண்ணில் பட்டுவிடுகிறது. எக்ஸ்-டி5இல் வியூஃபைண்டர் 36.9 லட்சம் புள்ளி, மற்ற மூன்று மிரர்லெஸ்ஸிலும் 23.6 லட்சம். வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது, ஆனாலும் பறவைக்கு அது முக்கியமாகப் படவில்லை.

சரி, மெகாபிக்சல். ஆர்7 32.5, எக்ஸ்-டி5 40.2, ஏ6700 26. தூரத்து வாத்தை வெட்டிப் பெரிதாக்க அதிக பிக்சல் உதவும் என்பது உண்மைதான், காலை ஏழு, ஏழரை வரைக்கும். அதன் பிறகு வயலுக்கு மேலே காற்று நடுங்க ஆரம்பிக்கிறது, காய்ந்த தோசைக்கல்லுக்கு மேலே நடுங்குமே அப்படி. மாசி, பங்குனியில் ஒன்பது மணிக்கெல்லாம் நூற்றைம்பது மீட்டருக்கு அப்பால் இருக்கும் பறவையில் எந்த பாடியும் எந்த லென்ஸும் இறகு விவரத்தைக் கொடுக்கவில்லை. தொடர்ந்து எடுத்த படங்களை வீட்டில் போட்டுப் பார்த்தால் ஒன்றில் தலை கூர்மை, கால் கலங்கல். அடுத்ததில் நேர் எதிர். ஃபோகஸ் தவறினால் எல்லாப் படத்திலும் ஒரே சீராக மங்கும். இப்படி இடத்துக்கு இடம் மாறி மாறி மங்கினால் காற்றுதான் காரணம். 20.9-உம் 32.5-உம் அந்த நேரத்தில் ஒன்றேதான்.

இதற்கு லென்ஸ் மாற்றிப் பயனில்லை. நேரத்தையும் நிற்கும் இடத்தையும்தான் மாற்ற வேண்டும். தரையை ஒட்டிய காற்றுதான் அதிகம் கலங்கும், அதனால் பார்வைக் கோபுரத்தில் ஏறி நின்றால் கொஞ்சம் மேல். ஏசி போட்ட காரின் ஜன்னலைத் திறந்து எடுத்தால் உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்றும் வெளிச் சூடும் லென்ஸுக்கு முன்னாலேயே கலந்து படத்தைக் கெடுக்கும். முன்கூட்டியே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். நீளமான லென்ஸ் ஹூட் வெயிலில் சூடேறினால் அதற்குள்ளேயும் இதே நடுக்கம் வரும். ஒன்பது மணிக்குப் பிறகு தூரத்து வாத்தை விட்டுவிட்டு ஊருக்குள் கூட்டுப் பக்கம் வந்துவிடுகிறேன்.

வாடகை இசட்6 டூ பற்றி அதிகம் சொல்ல இல்லை. 24.5 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமை கிராப் சென்சார் அளவுக்கு வெட்டினால் மீதி ஏறக்குறைய 10தான். அதே லென்ஸ், அதே தூரம் என்றால் பறவை மீது விழுந்து லென்ஸுக்குள் வரும் வெளிச்சமும் அதேதான். வெட்டிய பிறகு நாய்ஸில் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான இரைச்சல்) பெரிய லாபம் இல்லை. பறவை ஃப்ரேமை நிறைக்கும் அளவுக்குக் கிட்டத்தில் இருந்தால் நிச்சயம் அழகாக இருக்கிறது.

ஆனித் தேரோட்டத்துக்கு அக்கா எக்ஸ்-டி5-ஐ ஒரு சின்ன லென்ஸோடு கொண்டு வந்தார். ரத வீதியில் அவ்வளவு கூட்டத்தில் பெரிய லென்ஸோடு நிற்பது மற்றவர்களுக்கும் இடைஞ்சல். ஷட்டர், ஐஎஸ்ஓ, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் காம்பன்சேஷன் மூன்றுக்கும் மேலேயே டயல் இருப்பதால், வடம் இழுக்கும் முகங்கள் நிழலுக்குள்ளும் வெயிலுக்குள்ளும் மாறி மாறி வரும்போது திரையைப் பார்க்காமலே மாற்ற முடிந்தது. மனிதர்களையும் தெருவையும் எடுப்பதுதான் முதல் விருப்பம் என்றால் இந்த வரிசையில் நான் இதைத்தான் எடுப்பேன்.

தூசி, ஈரம் இரண்டையும் விட முடியாது. ஆடிக் காற்றில் ராதாபுரம் பக்கம், செம்மண் பறக்கும் வெளியில், லென்ஸ் மாற்றவே கூடாது. மிரர்லெஸ்ஸில் சென்சார் திறந்தே கிடக்கும். சில பாடிகளில் அணைத்தால் ஷட்டர் மூடிக்கொள்ளும், பலவற்றில் அது இல்லை. வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புவதும், கையில் ஒரு ப்ளோயர் வைத்திருப்பதும் நல்லது. குற்றாலச் சாரலில் எடுத்துவிட்டு வந்த லென்ஸைப் பையிலேயே வைத்து மூடினால் பூஞ்சை பிடிக்கும். ட்ரை கேபினட் வாங்க முடியாவிட்டால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று போதும். ஈரப்பதம் 40க்கும் 50க்கும் இடையில் இருந்தால் சரி. செகண்ட் ஹாண்ட் லென்ஸ் வாங்கும்போதும் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பார்த்தால் சிலந்தி வலை போன்ற இழை இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

டிஎஸ்எல்ஆர் இன்னும் வாங்கலாமா என்றும் நண்பர்கள் கேட்கிறார்கள். கேனானும் நிக்கானும் 2020க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் பாடி எதுவும் கொண்டுவரவில்லை. ஆனால் பழைய லென்ஸ்கள் நல்ல நிலையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. டி7500 ஒரு சார்ஜில், கேமரா நிறுவனங்களின் சங்கமான சிபாவின் கணக்குப்படி, 950 படம் எடுக்கும்; நான்கு மிரர்லெஸ்ஸும் அதற்குக் கீழேதான், இசட்50 டூ மிகவும் கீழே, கூடுதல் பேட்டரி இல்லாமல் கிளம்ப முடியாது. கையிருப்புக் குறைவாக இருக்கும் மாணவருக்கு நல்ல டி7500-உம் 200-500-உம் இன்றைக்கும் தாராளமாகச் சொல்வேன், பின்னால் அடாப்டர் போட்டு லென்ஸை அப்படியே கொண்டுபோகலாம் என்பதால். ஒரு கவனம்: அடாப்டரில் உள்ளேயே மோட்டார் இருக்கும் ஏஎஃப்-எஸ் லென்ஸுக்கு ஆட்டோ ஃபோகஸ் உண்டு, பாடியின் மோட்டாரை நம்பும் பழைய ஏஎஃப்-டி லென்ஸுக்கு இல்லை. புதிதாகத் தொடங்குபவர் லென்ஸைக் கூட்டிக்கொண்டே போக நினைத்தால் சோனி மவுண்டில் (லென்ஸ் மாட்டும் அமைப்பு) சிக்மா, டாம்ரான் போன்ற வேறு நிறுவனங்களின் லென்ஸ்கள் நிறைய இருக்கின்றன.

என் லென்ஸை விட மனமில்லாததால் நான் இசட்50 டூ-வை வாங்கிவிட்டேன். பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் இல்லை, லென்ஸில் இருப்பது போதுமானதாக இருக்கிறது. ஆனால் நடந்து எடுக்கும் காலைகளில் இன்னமும் நண்பரின் ஆர்7-உம் 100-400-உம்தான் கை கேட்கிறது. இந்த வருடம் வரித்தலை வாத்துகள் வந்ததும் இரண்டையும் பார்வைக் கோபுரத்தில் வைத்து, விடிந்ததிலிருந்து ஒன்பது வரை அரை மணிக்கு ஒரு தடவை அதே தூரத்தில் எடுத்து, பிக்சல் வித்தியாசம் எந்த நேரத்தில் கரைகிறது என்று மாதவாரியாகக் குறித்து வைக்கப் போகிறேன்.