ஏரியில் ஆகாயத்தாமரை எடுப்பவர்களுக்கு: செய்து பார்த்ததில் தெரிந்தவை

ஏரிக்குள் இறங்குவதற்கு முன்னால் வரத்துக் கால்வாய் ஓரமாகவே நடந்து, மேல் ஏரியின் கலங்கல் (ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் இடம்) வரை போய்ப் பார்த்துவிடுங்கள். அங்கே செடி மிதந்தால் கீழே எவ்வளவு அள்ளினாலும் முதல் மழைக்கே திரும்பி வந்துவிடும். கால்வாயில் எங்கெல்லாம் சாக்கடை விழுகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். செடிக்குத் தீனி அதுதான்.

100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) உள்ள ஏரி பெரும்பாலும் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். அனுமதிக் கடிதத்தில் எந்த இடத்தில் வண்டி இறங்கும், அள்ளியதை எங்கே கொட்டுவோம் என்பதும் இருக்கட்டும். மீன் குத்தகைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வலை போட்ட இடம் அவருக்குத்தான் தெரியும்.

ஆடிக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது செடியெல்லாம் வடகிழக்குக் கரையில் தானாக ஒதுங்கும். வேலையை அங்கேதான் தொடங்க வேண்டும். மற்ற நாளில் பரிசலில் போய், பாயாகப் பின்னிக் கிடப்பதை அரிவாளால் துண்டு துண்டாக அறுத்து, கயிறு சுற்றிக் கரைக்கு இழுக்கலாம். பெரிய துண்டாக அறுத்தால் பத்துப் பேர் இழுத்தாலும் அசையாது.

எட்டிய தூரம் வரை கரையிலிருந்தே அள்ள, கை நீளமான லாங் பூம் பொக்லைன் நல்லது. சாதாரண பக்கெட் போட்டால் சேறும் தண்ணீரும்தான் அதிகம் வரும். முள் வைத்த பக்கெட் கேளுங்கள். செடியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அள்ளிய உடனே டிராக்டரில் ஏற்றினால் தண்ணீருக்குத்தான் வாடகை கொடுக்கிறோம். இரண்டு நாள் வடியவிட்டு ஏற்றுங்கள். அதற்காகக் கரையிலேயே விட்டுவிட்டால் ஒரு மழையில் உருண்டு ஏரிக்குள் போய், ஒன்றுமே நடக்காததுபோல் துளிர்க்கும்.

களைக்கொல்லி அடிக்கலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். மொத்தமும் ஒரே நேரத்தில் செத்து மூழ்கி அழுகும்போது தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்து மீன் செத்து மிதக்கும். ஆலைக் கழிவு கலக்கும் ஏரியின் செடி உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும். அதை மாட்டுக்கும் போடக்கூடாது, காய்கறிக்கு உரமாகவும் போடக்கூடாது.

அல்லி, சம்பு, கோரையைத் தொடாதீர்கள். இலைக்கோழி கூடு வைத்திருக்கும் திட்டுகளைக் குஞ்சு வெளியேறும் வரை விட்டுவையுங்கள். இறங்குபவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மண் எடுத்த பள்ளம் செடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது.

கால்வாய் வாயில் தடுப்பு கட்ட, மூடி இறுக்கிய 20 லிட்டர் கேன்களை நைலான் கயிற்றில் வரிசையாகக் கோத்து, அடியில் அரை மீட்டர் வலை தொங்கவிடுங்கள். குறுக்கே நேராகக் கட்டாமல் சாய்வாகக் கட்டினால் வரும் செடி ஒரு கரையில் ஒதுங்கும், அள்ளவும் சுலபம். ஒரு முனையில் உருவு முடிச்சுதான் போட வேண்டும். வெள்ளம் வரும்போது அவிழ்க்க முடியாவிட்டால் செடி அடைத்துத் தண்ணீர் ஊருக்குள் ஏறும்.

பெரும்பாலான குழுக்கள் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். சூடும் சாக்கடையும் இருந்தால் இரண்டு வாரத்தில் செடி இரட்டிப்பாகும். விட்டுப்போன 10 செடி 20 வாரத்தில் 10,240. விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், கோடையில் தண்ணீர் வற்றிய ஓரத்தில் முளைக்கும். அதனால் 15 நாளுக்கு ஒருமுறை இரண்டு பேர் பரிசலில் ஒரு சுற்று. உள்ளங்கை அளவு கன்றைப் பிடுங்கும்போது பக்கத்தில் ஓடும் தண்டையும் சேர்த்து இழுங்கள். அதன் நுனியில் இன்னொரு கன்று இருக்கும்.